போர்க்காலக் குளிரும் பழுதுற்ற டயரும்

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு ரப்பர் என்பது வெயிலோடும் மழையோடும் சேர்ந்த பொருள். விடியுமுன் எழுந்து மரம் வெட்டிப் பால் எடுத்து, தோட்டத்து ஸ்டோரில் உறைய வைத்து, தகடாக்கிப் புகையிலிட்டு அனுப்பியதோடு அவர்தம் வேலை முடிந்தது. அந்தத் தகடு கப்பலேறிச் சென்று பனி கொட்டும் நாடுகளில் டயராகி ஓடியதும், கல்லிலும் பனிக்கட்டியிலும் கிழிந்ததும், கிழிந்ததை அந்நாட்டார் ஒட்டுப்போட்டுப் பிழைக்க வைத்ததும் அவர்கள் அறிய வாய்ப்பில்லாத செய்திகள். எனினும், 1941 டிசம்பரிலிருந்து 1945 வரை கழிந்த நான்கு குளிர்காலங்களில், பால்மரக் காட்டுக்கும் பனிச்சாலைக்கும் இடையே இருந்த தொடர்பு உலகுக்கெல்லாம் விளங்கிற்று. அத்தொடர்பு அறுந்துபோனமையே அவ்விளக்கத்துக்குக் காரணம்.

ரப்பருக்கும் குளிருக்கும் உள்ள பகை டயரினும் பழையது. பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். குளிரில் கட்டைபோல் விறைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் ரப்பர்க் காலணி செய்து விற்க முற்பட்டவர் பலர் இதனாலேயே நொடித்துப் போயினர். 1839இல் சார்லஸ் குட்இயர் என்பார், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இவ்விரு குறைகளும் நீங்குமெனக் கண்டார். 1844இல் அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயரைச் சைக்கிளுக்கு ஆக்கினார். அதன்பின் மோட்டார் வண்டி வந்தது. மலாயாவில் காடழிந்து பால்மரம் வந்தது. மரம் வெட்டத் தமிழர் வந்தனர்.

கந்தகமூட்டிய ரப்பர் குளிரைத் தாங்கியதே தவிர, பனியைப் பற்றிக்கொள்ளவில்லை. வழவழப்பான டயரின் கோடுகளில் பனி அப்பிக்கொண்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இதற்குப் பரிகாரமாக டயரைச் சுற்றி இரும்புச் சங்கிலி பூட்டுவது எங்கும் வழக்கமாயிருந்தது. பின்லாந்தில் நோக்கியா என்னும் ஊரிலிருந்த ரப்பர் ஆலை, 1934இல் லாரிகளுக்கென்று தனியாக ஒரு குளிர்கால டயரைச் செய்தது. 1936இல் கார்களுக்கும் செய்தது. ஆழமான குறுக்குப் பள்ளங்கள் அதன் சிறப்பு. பனியை வெட்டிக்கொண்டு சென்று, சுழலும்போதே அதனை உதறிவிடும். ஆண்டில் பாதியளவு பனி மூடிய நாட்டில் இப்படிப்பட்ட பொருள் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஆலைக்கு வேண்டிய ரப்பரும் வெப்ப நாடுகளிலிருந்தே கப்பலில் போகவேண்டியிருந்தது.

டயரை வெறும் ரப்பர் வளையம் என்று எண்ணுவது பொதுவான தவறு. அதன் உயிர் உள்ளேயிருக்கும் நூலில் இருக்கிறது. அக்காலத்து டயரில் பருத்திக் கயிற்று இழைகளை அடுக்கடுக்காகக் குறுக்கும் மறுக்குமாய் வைத்து, இரு விளிம்பிலும் எஃகுக் கம்பி வளையத்தோடு பிணைத்து, அதன்மேல் ரப்பர் போர்த்தியிருப்பர். தரையில் தேய்வது மேற்பட்டை. காற்றின் அழுத்தத்தையும் வண்டியின் பாரத்தையும் தாங்குவது நூலடுக்கு. மேற்பட்டை தேய்ந்தால் புதுப்பிக்கலாம். நூல் அறுந்தால் டயர் பெரும்பாலும் போனதுதான். பனிக்காலத்தில் ஆபத்து இருமடங்கு. பனிக்கடியில் மறைந்த கல்லும் சாலையோரக் கட்டையும் கண்ணுக்குப் படா. சிறு வெட்டு விழுந்தால் அதன் வழியே நீர் புகுந்து பருத்தி இழையை மெல்ல இற்றுப்போகச் செய்யும். தேய்ந்த டயரின்மேல் சங்கிலி பூட்டி ஓட்டினாலோ, பிடிப்புக்காகப் பூட்டிய சங்கிலியே நூலை அறுக்கும். சமாதான காலத்தில் இவ்வாறு பழுதுற்ற டயரைத் தூக்கியெறிந்துவிட்டு வேறு வாங்குவது எளிதாயிருந்தது.

கோத்தாபாருவுக்குப் பின்

1941 டிசம்பர் 8ஆம் நாள் அதிகாலையில், வடகிழக்குப் பருவமழைக் கடலின் கொந்தளிப்புக்கிடையே ஜப்பானியப் படை கோத்தாபாருக் கரையில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சுத் தொடக்கத்தில் டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகளும் பணிந்தன. மலாயாவும் அத்தீவுகளும் சேர்ந்து உலக ரப்பரில் ஏறத்தாழ முக்கால் பங்கை விளைவித்து வந்தவை. இவற்றோடு சயாமும் இந்தோசீனாவும் போகவே, நேச நாடுகளுக்குக் கிடைத்து வந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு மூன்றே மாதங்களில் கைவிட்டுப் போயிற்று.

அமெரிக்கா இதனைச் சிங்கப்பூர் வீழ்வதற்கு முன்பே உணர்ந்துகொண்டது. கோத்தாபாருவில் படை இறங்கிய சில நாட்களிலேயே அங்குப் புதிய டயர் விற்பனை நிறுத்தப்பட்டது. 1942 ஜனவரி 5ஆம் நாள் பங்கீடு தொடங்கியது. சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் காப்பிக்கும் முன்னதாக, அந்நாட்டில் முதன்முதல் பங்கீட்டுக்கு உட்பட்ட பொருள் டயரே. ஏறத்தாழ மூன்று கோடிக் கார்கள் ஓடிய நாடு அது. அந்தக் கார்களின் கீழே உருண்டுகொண்டிருந்த பழைய டயர்களைத் தவிர வேறு கையிருப்பு பொதுமக்களுக்கு இல்லையென்று ஒரே வாரத்தில் தெளிவாயிற்று.

ஊர்தோறும் பங்கீட்டுக் குழு அமைந்தது. மருத்துவர், தாதியர், தீயணைப்போர், காவலர், எரிபொருளும் பனிக்கட்டியும் கொண்டுசெல்லும் லாரியினர் முதலியோர் சான்று காட்டிப் புதிய டயர் பெறலாம். மற்றவர் எத்துணைச் செல்வராயினும் பெறுதல் இயலாது. நடுக்குளிரில் நோயாளியைப் பார்க்கப் போகும் மருத்துவர்கூட, தம் டயர் இனி ஒட்டுப்போட இயலாத நிலையை அடைந்துவிட்டதென மெய்ப்பிக்கவேண்டும். டயர்த் திருட்டு பெருகிற்று. வண்டியைத் தெருவில் விட்டுச் சென்றவர் திரும்பி வந்து, அது கட்டைகளின்மேல் நிற்கக் கண்டதும் உண்டு.

இந்நிலையில்தான் பழுதுபார்ப்போன் தொழில் மதிப்புப் பெற்றது. ஆணி குத்திய துளைக்கு உள்ளிருந்து ஒட்டுப் போடுவது எளிய வேலை. நூல் அறுபட்ட நீள்வெட்டுக்கு அது போதாது. வேறொரு செத்த டயரிலிருந்து நூலடுக்கைப் பெயர்த்தெடுத்து, வெட்டின் அளவுக்கு மேலும் கீழும் பலவிரற்கடை மிகுதியாக வெட்டி, விளிம்பைச் சீவி மெலிதாக்கி, ரப்பர்ப் பசையிட்டு உட்புறம் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து வேகவைப்பர். வெளிப்புற வெட்டில் பச்சை ரப்பர் அடைத்து அதனையும் வேகவைப்பர். இவ்வாறு செய்த டயரைப் பின்சக்கரத்தில்தான் மாட்டவேண்டும். முன்சக்கரத்தில் மாட்டி அது வெடித்தால் வண்டி திரும்பும் கட்டுப்பாடு போய்விடும். பனிச்சாலையில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

மேற்பட்டை தேய்ந்த டயருக்கு வேறு முறை. பழைய பட்டையின் எச்சத்தை அராவிச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, கந்தகம் கலந்த வேகாத ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, கோடு செதுக்கிய இரும்பு அச்சுக்குள் வைத்து நீராவியால் சூடேற்றினால், ஒரு மணிக்கும் மேலான நேரத்தில் புதிய மேற்பட்டை பழைய உடலோடு ஒன்றிவிடும். மலேசியாவில் 'செலுப் டயர்' என்று மலாய்ச் சொல்லால் வழங்குவது இதனையே. ஒரு புதிய டயருக்கு வேண்டிய ரப்பரில் சிறுபகுதியே இதற்குப் போதும். அச்சில் பனிக்குரிய ஆழ்ந்த பள்ளங்களைச் செதுக்கிவிட்டால், வழுக்கையான கோடைக்கால டயரே குளிர்கால டயராக மறுபிறவி எடுக்கும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அமெரிக்க மக்கள் பெரிதும் தடுமாறியது இவ்விடத்தில்தான். உடல் கெடுமுன் டயரைக் கொண்டுவரவேண்டும். டயர் கிடைக்காத காலத்தில் மனிதனின் இயல்பு என்ன? இருப்பதைக் கடைசிவரை ஓட்டிவிடுவதே. மேற்பட்டை முழுதும் போய் வெள்ளை நூல் தெரியும்வரை ஓட்டியவர், அதன்பிறகு பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, பட்டறைக்காரன் கைவிரித்தான். சிக்கனம் என்று அவர்கள் கருதியதே டயரைக் கொன்றது. இன்னும் சிறிது தடிப்பு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள் என்று அரசாங்கம் ஓயாது எடுத்துரைத்தும், அது மனத்தில் பதிய நாளாயிற்று. ஆகவே சொல்லோடு நில்லாமல் சட்டமும் வந்தது. ஒவ்வொரு காரின் டயர் எண்களும் பதிவாயின. குறித்த காலத்துக்கொருமுறை பரிசோதனை செய்வித்துக் கையொப்பம் பெறவேண்டும். காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருப்பவர் மிகுதியை அரசாங்கத்துக்கு விற்றுவிடவேண்டும். குளிர்காலத்துக்கென்று ஒரு சோடி டயரைக் கொட்டகையில் தனியே வைத்திருந்த வடமாநிலத்தவர்க்கு இந்த ஐந்து என்னும் கணக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1943இன் தொடக்கத்தில், பழைய ரப்பரைக் கொண்டு மேற்பட்டை இடுவதற்கு மட்டும் அனுமதிச் சீட்டு வேண்டுவதில்லை என்று தளர்த்தினர். அப்பட்டை நெடுந்தூரம் உழைக்காது. எனினும் உள்ளிருக்கும் நூலைக் காத்தது.

அந்தப் பழைய ரப்பர் வந்த கதையும் ஒன்றுண்டு. 1942 ஜூன் திங்களில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி, பழைய டயர், தோட்டத்து நீர்க்குழாய், மழையங்கி, காலணி என வீட்டில் கிடக்கும் ரப்பரையெல்லாம் பெட்ரோல் நிலையங்களில் சேர்க்கும்படி வேண்டினார். பவுண்டுக்கு ஒரு சென்ட் விலை. சில வாரங்களில் ஏறத்தாழ நாலரை லட்சம் டன் குவிந்தது. குவியல் பெரிது, தரமோ தாழ்வு. பலமுறை வெந்த ரப்பரில் பழைய வலு இராது.

அவ்வாண்டு செப்டம்பரில் பெர்னார்ட் பரூக் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் விளைவாக நாடெங்கும் வண்டிகளின் வேகம் மணிக்கு 35 மைலுக்குள் அடங்கியது. டிசம்பர் 1 முதல் பெட்ரோல் பங்கீடும் நாடு முழுதும் பரவியது. பெட்ரோல் ஊற்றெடுக்கும் டெக்ஸாஸ் மாநிலத்தாரையும் பெட்ரோலுக்குச் சீட்டுப் பெற வைத்த காரணம் பெட்ரோல் தட்டுப்பாடன்று. டயர் தேய்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். வேகம் மிகுந்தால் டயர் சூடேறும். சூடேறினால் விரைவில் தேயும். மைலைக் குறைப்பதே மிக மலிவான பழுதுபார்ப்பு என்று அக்குழு கண்டதில் பிழையில்லை.

இதனிடையே ஆலைகளில் செயற்கை ரப்பர் எழுந்தது. 1941இல் ஏறத்தாழ 8,000 டன்னாயிருந்த அமெரிக்காவின் செயற்கை ரப்பர் 1944இல் ஏழு லட்சம் டன்னையும் தாண்டிற்று. இது பெரிய சாதனை. ஆயினும் பளுமிக்க லாரி டயரில் அது மட்டும் இருந்தால் உள்ளே சூடு மிகுந்து சிதைந்தது. இயற்கை ரப்பர் ஓரளவு கலந்தே ஆகவேண்டும். அதற்கு நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய ஊற்று இலங்கை. மரத்தின் எதிர்காலத்தைக் கருதாமல் கிடைத்த பாலையெல்லாம் வடித்துவிடும் கொலைவெட்டு அங்கு நடந்தது. அத்தோட்டங்களில் கத்தி பிடித்தவர்களிலும் தமிழர் உண்டு.

பசிக் குளிர்காலம்

அமெரிக்காவில் ரப்பர் இல்லையெனினும் ஆலையும் பட்டறையும் இருந்தன. அதனினும் நெருக்கடியில் நின்ற நாடு ஒன்றுண்டு; அது ஹாலந்து. சுமாத்திராவிலும் ஜாவாவிலும் பெருந்தோட்டங்களுக்கு உரிமை கொண்டாடிய அந்நாடு, 1940 மே திங்களில் ஜெர்மானியர் கையில் வீழ்ந்தது. கடல்வழி அடைபட்டதால் ரப்பர் வரத்தும் நின்றது. சமதரை நாடாகிய அங்கு மக்களின் வண்டி சைக்கிளே. 1942 ஜூலையில் ஜெர்மானியர் சைக்கிள்களைப் பறிக்கத் தொடங்கினர். நல்ல டயர் உள்ள சைக்கிளே முதலில் பறிபோயிற்று. ஆதலால் நல்ல டயரை மறைத்துவிட்டுக் கெட்ட டயரோடு தெருவில் செல்வதும் ஒரு தற்காப்பாயிற்று.

டயர் வெடித்தபின் டச்சுக்காரர் கையாண்ட உபாயங்கள் பலதரம். தோட்டத்துக்கு நீர்பாய்ச்சும் ரப்பர்க் குழாயைச் சக்கர அளவுக்கு வெட்டி, முனைகளைக் கம்பியால் இணைத்துப் பூட்டினர். பழைய கார் டயரைப் பட்டையாக அறுத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினர். அதுவும் கிடையாதபோது, மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கிப் பதித்தனர். அதிர்ச்சியைக் குறைக்க மரத்துக்கும் இரும்புக்கும் இடையே சுருள்வில் வைத்தவர்களும் உண்டு. இவை எதற்கும் காற்று வேண்டா; ஆகவே பஞ்சரும் ஆகா. ஆனால் கல் பாவிய தெருவில் அவை எழுப்பிய ஓசையும், ஏறிச் சென்றவர் முதுகு பட்ட பாடும் கொஞ்சமல்ல. ஈரப்பனியில் மரச்சக்கரம் வழுக்கியதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலம் வரை இது அல்லலாக மட்டும் இருந்தது. அதன்பின் உயிர்ப் பிரச்சினையாயிற்று. 1944 செப்டம்பரில் டச்சு ரயில்வே ஊழியர் நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக வேலை நிறுத்தம் செய்தனர். ஜெர்மானியர் பழிவாங்கும் முகமாக மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். தடை ஓரளவு தளர்ந்தபோது கால்வாய்கள் உறைந்து படகுப் போக்குவரத்து நின்றது. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் நகரங்களில் பசி தலைவிரித்தாடியது. உறவினரும் உணவும் இருந்த வடக்கையும் கிழக்கையும் நோக்கி மக்கள் கிளம்பினர். ஆண்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துச் செல்லும் அச்சம் இருந்தமையால், அவ்வாறு சென்றவரில் பெண்கள் மிகுதி. படுக்கை விரிப்பையும் கைக்கடிகாரத்தையும் உழவரிடம் கொடுத்து உருளைக்கிழங்கும் கோதுமையும் பெற்று வருவது அவர்கள் நோக்கம். அதற்கு அவர்களுக்கு இருந்த வாகனம், குழாய் சுற்றிய அல்லது மரம் பதித்த அல்லது வெற்றிரும்போடு ஓடும் சைக்கிள். அதுவும் இல்லாதவர்க்குக் குழந்தை வண்டி.

நூறு மைல் போய்வரும் வழியில் குழாய் அறுந்தால் மாற்றில்லை. இறங்கி, மூட்டையைச் சைக்கிளின்மேல் வைத்து, பனியில் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். அந்தக் குளிர்காலத்தில் பசியால் மாண்டோர் ஏறத்தாழ 20,000 பேர். ஒரு சைக்கிள் டயருக்கு வேண்டிய ரப்பரை ஒரு தோட்டத் தொழிலாளி ஒரே நாள் வெட்டில் எடுத்துவிடுவான் என்பதை எண்ணும்போது, அந்நாட்டு வரலாற்றின் இவ்வேடு மிகக் கசப்பாகவே இருக்கிறது. அவர்கள் நாட்டுக் கொடி பறந்த சுமாத்திராத் தோட்டங்களில் அப்போது பால்மரங்கள் வெட்டுவாரின்றி நின்றன.

ரப்பர் இருந்தும்

மலாயாவில் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கு ரப்பருக்குக் குறைவில்லை, டயர்தான் இல்லை. படையெடுத்து வந்த ஜப்பானியரே இதனை முதலில் அனுபவித்தனர். அவர்களது டிவிஷன் ஒன்றுக்கு ஏறத்தாழ 6,000 சைக்கிள் இருந்ததாக அப்படையின் திட்டம் வகுத்த சுஜி மசநோபு எழுதியிருக்கிறார். மலாயாவின் வெயிலிலும் பாரத்திலும் டயர்கள் வெடித்தன. ஒட்டிக்கொண்டிருக்க நேரமின்றிப் பலர் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்புச் சக்கரத்தில் தார்ச்சாலையில் ஓட்டினர். இரவில் அந்த ஓசை டாங்கிகள் வருவதுபோல் கேட்டதென்றும், எதிரிப் படையினர் அதனால் கலங்கினரென்றும் அவர் எழுதினார். வெற்றி பெற்றவன் சொல்லும் கதையைச் சற்றே தள்ளுபடி செய்து கேட்பது நன்று. எனினும் இரும்புச் சக்கரத்தில் அவர்கள் ஓட்டியது உண்மை. போருக்கு முன் ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயாவில் ஏராளமாக விற்பனையாகியிருந்தபடியால், உதிரிப் பாகங்கள் வழியெங்கும் கிடைத்தது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று.

பின்வந்த மூன்றரை ஆண்டில் அக்கையிருப்பும் தீர்ந்தது. தோட்டத்து ஸ்டோரில் தகடு அடுக்கிக் கிடந்தது; வாங்குவார் இல்லை. அதனை ஏன் டயராக்கவில்லை எனக் கேட்கலாம். டயருக்குத் தகடு மட்டும் போதாது. கந்தகம் வேண்டும், வலுவூட்டும் புகைக்கரி வேண்டும், நெய்த நூலடுக்கு வேண்டும், விளிம்புக்கு எஃகுக் கம்பி வேண்டும், அழுத்தி வேகவைக்கும் அச்சும் நீராவியும் வேண்டும். உலகின் மிகப்பெரிய ரப்பர் நாடு இவற்றுள் ஒன்றையும் பேரளவில் வளர்த்துக்கொள்ளவில்லை. தகடு ஏற்றுமதியாவதும் டயர் இறக்குமதியாவதுமே ஆங்கிலேயர் வகுத்த ஏற்பாடு. அக்கம்பக்கத்தில் பெயர்பெற்ற மோட்டார் டயர்த் தொழிற்சாலை ஜாவாவில் போகோர் நகரில் 1935இல் குட்இயர் நிறுவனத்தார் தொடங்கியது. ஜப்பானியர் அதனைத் தம் நாட்டு பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தார் கையில் ஒப்படைத்தனர். அங்கு ஆன டயர் படைக்கே உரியது.

ஆகவே மலாயாவின் சைக்கிளும், டச்சுக்காரர் சைக்கிளைப் போலவே, காற்றில்லாத் திண்டுரப்பரில் ஓடத் தொடங்கியது. பெட்ரோலும் இல்லாமற் போனபோது, ரப்பரைக் காய்ச்சி வடித்து எண்ணெயாக்கி லாரிகளுக்கு ஊற்றினர். டயருக்குத் தவித்த வண்டி ரப்பரை எரித்து ஓடிற்று என்றால் பிற்காலத்தார் நம்புதல் அரிது. வேலை இழந்த தோட்டத் தொழிலாளர் பால்மரத்தை வெட்டி வீழ்த்தி மரவள்ளி நட்டனர், சாக்கை உடுத்தனர். பல்லாயிரம் தமிழர் சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, திரும்பாதோர் மிகப் பலர்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மீண்டனர். கிடங்குகளில் கிடந்த தகடு கப்பலேறியது. அமெரிக்காவில் டயர்ப் பங்கீடு அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு முடிவுற்றது.  குளிரில் நின்றபடி ஒட்டுப்போட்டுப் பழகிய நாடுகளில் செலுப் டயர்த் தொழில் போருக்குப் பின்னும் மறையவில்லை. லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் அது நிலையான தொழிலாயிற்று. மலாயாவிலோ, தகடு தந்த நாட்டிலேயே பேரளவில் மோட்டார் டயர் வார்க்கும் தொழிற்சாலை எழுந்தது 1960களின் தொடக்கத்தில்தான். பெட்டாலிங் ஜெயாவில் டன்லப் நிறுவனத்தார் அதனை அமைத்தபோது, மலாக்காவில் டான் சே யான் 1896இல் வணிகத்துக்கென முதன்முதல் பால்மரம் நட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.